இருபத்தாறு ஐம்பது

விற்பனை அறிக்கை சொல்கிறது
ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.
பணவரவு அறிக்கை சொல்கிறது
ஆறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றரை.
இரண்டும் ஒரே பிப்ரவரியைப் பார்த்தவைதான்.
ஒன்று கேட்டதை எழுதிவைத்தது,
மற்றது வந்ததை.

வில்யாண்டியில் ஏரி உறைந்து கிடக்கிறது.
கீழே மூன்று ஆடுகளங்களிலும் விளக்கை அணைத்துவிட்டு
சாவியை என் மேசையில் வைத்துப் போனான் ஹில்லர்.
"விட்டுத் தள்ளு லீலோ, இருபத்தாறு யூரோதானே."
ஏரியில் கொட்டினாலும்
அளந்துதான் கொட்டவேண்டும்
என்று சொல்ல நினைத்தேன்.
கதவு சாத்திவிட்டது.

வரிவரியாக இறங்குகிறேன்.

இறகுப் பந்து, பன்னிரண்டு அடங்கிய குழல்: எழுபத்தொன்று.
போன மாதம் நாற்பது.
யாரும் நன்றாக ஆடத் தொடங்கிவிடவில்லை,
ஹீட்டர் காற்றில் இறகு காய்ந்து
மூன்றாவது அடியிலேயே ஒடிகிறது.
வரைபடத்தில் அது வளர்ச்சி.
நிர்வாகக் குழு கைதட்டும்.

சௌனா, வெள்ளிக்கிழமை, ஒருவர், ரொக்கம்.
சௌனா, வெள்ளிக்கிழமை, ஒருவர், ரொக்கம்.
சௌனா, வெள்ளிக்கிழமை, இருவர், ரொக்கம்.
(நல்லது, யாக்.)

மூன்றாம் களம், புதன், இரவு ஏழு மணி.
நான்கு வருடமாக இரண்டு அட்டைகள்
ஆளுக்குப் பாதி கொடுத்து வந்தன.
ஜனவரி பதினைந்திலிருந்து ஒரே அட்டை,
முழுத்தொகை.
களத்தை மட்டும் விடவில்லை.
எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று
அறிக்கையில் நிரல் இல்லை.
இருந்தாலும் நான் அதை அச்சிட மாட்டேன்.

திருப்பிக் கொடுத்தது: நாற்பத்தைந்து.
காரணம்: முழங்கால்.
எந்த முழங்கால் என்று எழுதவில்லை.
வந்த பணத்துக்கு யாரும் காரணம் எழுதுவதில்லை.

பதினோரு மணிக்கு மேல் கண் எரிந்தது.
வரிசைப்படுத்தும் பொத்தானை
பெயர்வாரியாக, தேதிவாரியாக,
கடைசியில் கோபத்தில்
நிலைவாரியாக அழுத்தினேன்.
எல்லாப் பச்சைகளுக்கும் மேலே வந்து நின்றன
இரண்டு சிவப்பு வரிகள்.

மட்டைக்கு நரம்பு மாற்றியது, பதினெட்டு.
தயிர்க்கட்டி ஐந்து, கருந்திராட்சைச் சாறு ஒன்று,
எட்டு ஐம்பது.
உறுப்பினர்: குஸ்க், லீலோ.
நிலை: பிறகு செலுத்துவார்.

பதினான்காம் தேதி.
ராஸ்மஸ் பசி என்றான், கூடவே நான்கு பையன்கள்.
வரிசை நீண்டிருந்தது, என் பை மாடியில்.
"பிறகு" என்ற பொத்தானை நான்தான்
குழுவிடம் சண்டை போட்டு வாங்கினேன்,
ஊரில் சம்பளம் தாமதமாகும் வீடுகளுக்காக.

நினைவூட்டல் கடிதம் மூன்று தடவை
எனக்கே போயிருக்கிறது.
மன்றத்துக் கடிதம்தானே என்று
திறக்காமல் ஒதுக்கியிருக்கிறேன்.
இப்போது திறந்தேன்.
"அன்புள்ள உறுப்பினரே,
உங்கள் கவனத்திலிருந்து தவறியிருக்கலாம்..."
அந்த 'லாம்' என்னும் இரண்டெழுத்துக்காக
அரை நாள் யோசித்தவள் நான்.
மரியாதை என்று நினைத்திருந்தேன்.
வாங்கிக்கொள்கிற இடத்திலிருந்து படித்தால்
கன்னத்தில் லேசாகத் தட்டுகிறது.
அந்த வரியை அழித்தேன்.
பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
தொகையை மட்டும் விட்டுவைத்தேன்.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.
இருட்டில் அட்டைக் கருவி விழித்து
என் அட்டையை மோந்து பார்த்து
மெல்ல ஒரு சத்தம் போட்டது.
துண்டுச்சீட்டு நீண்டு வந்தது,
இன்னும் சூடாக.

இருபத்தாறு ஐம்பது. நன்றி.
மார்ச் 1, 00:04.

இந்த வருடம் பிப்ரவரிக்கு
இருபத்தெட்டு நாள்தான்.
அது இனி எப்போதும்
இருபத்தாறு ஐம்பது குறைவாகவே இருக்கும்.
காரணம் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதிவிட்டு
ஹீட்டரை ஒரு புள்ளி குறைத்தேன்,
பந்துகளுக்காக.